புலி டப்பா

ஒரே அளவில் பன்னிரண்டு டப்பா
வாங்கி அடுக்கியது நான்தான்,
அலமாரிக்கு அழகாக இருக்கட்டுமென்று.
அதுவரை பெர்னதெத்துக்கு
கோணல் பாட்டில் என்றால் கடுகு,
நெளிந்த டின் என்றால் சர்க்கரை.
என் அழகு அவளுடைய சமையலறையை
ஒரே நாளில் அழித்துவிட்டது.

அதற்காகத்தான் குத்தூசி பிடித்தேன்.

முதலில் உப்பு.
எழுத்தில் தப்பில்லை என்றாள்,
ஆனால் அட்டை ஓட்டையாகிவிட்டது,
உப்பு கொட்டும்.
மறுபக்கம் ஒரு வேர்க்குரு அளவு
எழும்பினால் போதுமாம்.

பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி
கோடம்பாக்கம் இரண்டாம் மாடியில்,
மின்விசிறி துண்டுகளைப் பறக்கடிக்க,
வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டிருந்தேன்.
முதுகில் எழுதி முகத்தில் படிக்கிற எழுத்து.
ஒன்றாம் புள்ளி வலப்பக்கம் என்று
உள்ளங்கையில் பேனாவால் குறித்திருந்தேன்,
வேர்வையில் அதுவும் போயிற்று.

மூன்று புள்ளி இடப்பக்கம் வரிசையாக நின்றால் ல.
அதே மூன்று வலப்பக்கம் நின்றால் ள.
பள்ளியில் நாக்கை மடித்து மடித்து
அடி வாங்கிக் கற்ற வேற்றுமை
இங்கே ஒரு நெல்லின் அகலம்.

அலமாரியில் விரலோட்டி வந்தவள்
நாலாவது டப்பாவில் நின்றாள்.
மறுபடி தடவினாள்.
"புலி வளர்க்கிறோமா நாம்?"
மூடியைத் திறந்து மோந்தாள்.
"செத்து நாளாச்சு போல. புளிச்ச வாடை."

இன்னும் நான் கண்ணால்தான் படிக்கிறேன்.
அவளிடம் சொல்லவில்லை.
டியூப்லைட்டில் வெள்ளைமேல் வெள்ளை.
ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்தால்
ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிழல் விழும்,
அந்த நிழலைப் படிப்பேன்.
அவளுக்குத் தெரியும்.
நான் ஜன்னலுக்கு நடப்பது
அவளுக்குக் கேட்காதா?

வெள்ளிக்கிழமை
சாப்பாட்டுப் பையில் ஒரு தாள் வைத்திருந்தாள்.
ரயிலில் நெரிசல், நிழல் விழ வெளிச்சமில்லை.
தடுப்பில் சாய்ந்து, பைமேல் தாளை விரித்து
கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தேன்.

அரிசி. அதற்கே நுங்கம்பாக்கம் கடந்துவிட்டது.
இந்த எழுத்தில் புள்ளி தலைமேல் உட்காராது,
இறங்கி முன்னால் நடக்கும்.
கொம்பு பின்னால் வரும்.
சேத்துப்பட்டில் தீ என்று வந்ததும் திக்கென்றது,
எழும்பூருக்குள் அது
தீர்ந்தது ஆயிற்று.

முழங்கையை யாரோ தொட்டார்கள்.
"உட்காரும்மா, இங்க, இங்க இருக்கு சீட்டு."
எழுந்தவளிடம் மல்லிகை வாசனை,
கூடை விளிம்பு என் காலில் இடித்தது.
எனக்குக் கண் தெரியும் என்று
வாயெடுப்பதற்குள் நாலு கை சேர்ந்து
என்னை உட்கார வைத்துவிட்டது.

அப்புறம் திறக்க முடியவில்லை.
திறந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

பூங்கா. கோட்டை.
வீட்டுக்காரர் தண்ணி லாரிக்கு
எழுநூறு கேட்கிறார் என்பதுவரை
விரலாலேயே படித்து முடித்தேன்.
கடற்கரையில் எல்லோரும் இறங்கும்வரை
அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ராத்திரி சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.
சோற்றைப் பிசைந்தபடி கேட்டாள்:
"அந்த நாலு கையில ஒண்ணாவது கேட்டுச்சா,
உனக்கு உட்காரணுமான்னு?"
இல்லை என்றேன்.
"ம். லாரிக்கு உன் பங்கு முந்நூத்தம்பது."

திருத்திக் குத்திய அட்டையை நீட்டினேன்.
தடவிப் பார்த்தாள். ள சரியாக இருந்தது.
தட்டுக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டு,
"நாளைக் குழம்புக்கு
ஒரு நெல்லிக்காய் அளவு புலியை
ஊற வெச்சிட்டுப் படு" என்றாள்.